சில்லறை வணிகத்தில் பொருள்களின் இணையம்: கருவியின் அறிவும் நுகர்வோர் மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

கடையில் உள்ள பண்டம், அலமாரி, தராசு, குளிர்பெட்டி, பணம் பெறும் கருவி ஆகியவை வலையமைப்பால் இணைந்து தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு 'பொருள்களின் இணையம்' எனப்படுகிறது. சில்லறை வணிகத்தில் இவ்வேற்பாடு தோன்றிய வரலாற்றையும் செயல்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. கருவி அறிந்ததை விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே அறிய முடிகிறதா என்னும் வினா இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடைகளைப் பொறுத்தவரை அவ்வினா மொழி பற்றிய வினாவாகவும் அமைகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

குறிச்சொற்கள்: பொருள்களின் இணையம், உணரி, பட்டைக்குறி, வானலைச் சில்லு, மின்னணு விலைச்சீட்டு, ஒலிப்பெட்டி, எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி.

முன்னுரை

கடையில் நிகழும் ஒவ்வொரு விற்பனையும் மூன்று வினாக்களைச் சார்ந்தது. பண்டம் எது, அளவு எவ்வளவு, விலை என்ன என்பன அவை. மளிகைக் கடையில் இவற்றுக்குக் கடைக்காரரின் நினைவும் தராசும் பேரேடும் விடை தந்தன. வாங்குபவர் தராசு முள்ளைப் பார்த்தார், விலையைக் கேட்டார், கூட்டலைத் தாமும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்டுத் தெளிந்தார்.

இன்று அதே வினாக்களுக்கு உணரிகளும் சில்லுகளும் தொலைவிலுள்ள கணினிகளும் விடை தருகின்றன. விடை விரைவாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் துல்லியமாகவும் இருக்கிறது. ஆயினும் அவ்விடை யாருக்குப் புலப்படுகிறது, எம்மொழியில் புலப்படுகிறது என்பவை தனியே ஆராயத்தக்கன. தொழில்நுட்ப நூல்கள் கருவியின் திறனை விரிவாகப் பேசும் அளவுக்கு இவ்விரு வினாக்களையும் பேசுவதில்லை. மொழி ஆய்வு பங்களிக்கக்கூடிய இடம் இது எனக் கருதி இக்கட்டுரை அமைகிறது.

1. சொல்லும் தோற்றமும்

'பொருள்களின் இணையம்' என்னும் தொடரின் ஆங்கில மூலம் சில்லறை வணிகத்தை ஒட்டியே பிறந்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஆஷ்டன் 1999ஆம் ஆண்டு அந்நிறுவனத்தாருக்கு நிகழ்த்திய ஓர் உரைக்கு இத்தொடரைத் தலைப்பாக இட்டார். உதட்டுச் சாயத்தின் ஒரு குறிப்பிட்ட நிறம் கடை அலமாரியில் அடிக்கடி இல்லாமற்போவதை அவர் கவனித்திருந்தார். கிடங்கில் சரக்கு இருந்தும் அலமாரியில் அது தீர்ந்துவிட்டதை அறிவிக்க எவரும் இல்லை. பண்டமே தன் இருப்பைக் கணினிக்கு அறிவிக்குமாயின் இக்குறை நீங்கும் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'ஆட்டோ-ஐடி மையம்' என்னும் ஆய்வகம் தோன்றியது. அதை நிறுவியோருள் ஆஷ்டனும் ஒருவர்.

இவ்வேற்பாட்டில் நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, பண்டத்தை அடையாளப்படுத்தும் குறி அல்லது சூழலை அளக்கும் உணரி. இரண்டாவது, அதன் செய்தியைக் கொண்டுசெல்லும் வலையமைப்பு. மூன்றாவது, செய்தியைத் தொகுத்து முடிவு காணும் கணினி. நான்காவது, முடிவை மனிதருக்குக் காட்டும் அல்லது ஒலிக்கும் முகப்பு. முதல் மூன்றும் உலகெங்கும் ஒரே இயல்பினவாக இருக்கக்கூடும். நான்காவது உறுப்பு மட்டும் அந்தந்த நிலத்தின் மொழியைச் சார்ந்தே நிற்க வேண்டியது.

2. பட்டைக்குறியும் வானலைச் சில்லும்

பண்டத்தைக் கருவி அறிவதற்கான முதற்படி பட்டைக்குறி. நார்மன் ஜோசப் வுட்லண்டு, பெர்னார்டு சில்வர் ஆகியோர் இதற்கான காப்புரிமையை 1952இல் பெற்றனர். கடையில் இம்முறை நடைமுறைக்கு வர மேலும் 22 ஆண்டுகள் ஆயின. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் டிராய் நகரிலுள்ள மார்ஷ் பல்பொருள் அங்காடியில் மெல்லும் கோந்துப் பொதி ஒன்று முதன்முதலாகக் கருவியால் படிக்கப்பட்டு விற்கப்பட்டது.

இந்தியக் கடைகளில் பரவலாகக் காணப்படும் பட்டைக்குறி 13 இலக்கங்களைக் கொண்டது. 890 எனத் தொடங்கும் எண், ஜிஎஸ்1 இந்தியா அமைப்பின் வழி வழங்கப்பட்டதைக் காட்டும். பண்டம் இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கு அது சான்று ஆகாது. பட்டைக்குறிக்கு இரு வரம்புகள் உள்ளன. ஒன்று, ஒளிக்கற்றை குறியின்மீது நேரே படவேண்டும். மற்றொன்று, அது பண்டத்தின் வகையைச் சுட்டுமேயன்றித் தனியொரு பண்டத்தைச் சுட்டாது. ஒரே வகைச் சோப்புக் கட்டிகள் நூறு இருப்பினும் நூற்றுக்கும் எண் ஒன்றே.

ஆர்.எஃப்.ஐ.டி. என வழங்கும் வானலைச் சில்லு இவ்விரு வரம்புகளையும் கடந்தது. மெல்லிய அலைவாங்கியுடன் கூடிய சிறு சில்லு ஒன்று பண்டத்தின் சீட்டில் ஒட்டப்படுகிறது. அதில் மின்கலம் இல்லை. படிப்புக் கருவி அனுப்பும் வானலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பரவலாக வழங்கும் 96 பிட்டுக் குறியீடு ஒவ்வொரு தனிப் பண்டத்துக்கும் வேறுவேறு எண் தரப் போதுமானது. சில மீட்டர் தொலைவிலிருந்து பல சீட்டுகளை ஏறக்குறைய ஒரே வேளையில் படிக்க முடிவதால், பெட்டியைத் திறக்காமலே உள்ளிருப்பதை எண்ணலாம்.

வால்மார்ட் நிறுவனம் தனக்குச் சரக்கு அனுப்புவோருள் முதன்மையான 100 நிறுவனங்கள் 2005 ஜனவரிக்குள் தம் சரக்குப் பெட்டிகளில் இச்சில்லைப் பொருத்த வேண்டும் என 2003இல் அறிவித்தது. எதிர்பார்த்த வேகத்தில் அது பரவவில்லை. சில்லின் விலை ஒரு தடை. நீர் வானலையை உறிஞ்சுவதும் உலோகம் அதனைத் திருப்புவதும் மற்றொரு தடை. ஆகவே எண்ணெய்த் தகரங்களையும் பானப் புட்டிகளையும் விட ஆடை, காலணி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றில் இம்முறை எளிதில் நிலைபெற்றது. யூனிக்லோ, டெகாத்லான் ஆகியவற்றின் கடைகளில் வாங்குபவர் எடுத்த பொருள்களைத் தொட்டி ஒன்றில் இட்டதும் அனைத்தும் ஒருங்கே கணக்கிடப்பட்டுத் திரையில் தோன்றுகின்றன.

3. பழந்தமிழ் அங்காடி தரும் அளவுகோல்

பண்டத்தின்மேல் அடையாளம் இடும் வழக்கம் தமிழ் இலக்கியத்தில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த பண்டங்களிலும் அங்கிருந்து கடல்வழி சென்ற பண்டங்களிலும் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் வெள்ளிடை மன்றத்தில், உரியவர் பெயரும் கண்ணெழுத்தும் எண்ணும் இட்ட பொதிகள் வாயிலும் தாழும் காவலருமின்றி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கவர்ந்தவர் தலையிற் சுமந்து சுழல்வாரேயன்றிக் கொண்டுபோக இயலாது எனக் காப்பியம் புனைகிறது.

இக்குறிப்புகளைக் கொண்டு இன்றைய தொழில்நுட்பம் அன்றே இருந்தது எனக் கொள்வது பிழையாகும். இலக்கியச் சான்று தருவது கருவியின் முன்வடிவத்தையன்று, வணிக அறத்தின் அளவுகோலை. பொதியின் பெயரும் எண்ணும் புலிச் சின்னமும் கண்ணுக்குப் புலனாயின. 'கண்ணெழுத்து' என்னும் சொல்லும் அதற்கு இசைவாக நிற்கிறது. வணிகர் மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடுக்காமலும் பண்டத்தைப் பகர்ந்து விற்றதைப் பட்டினப்பாலை போற்றுகிறது. விலையையும் ஊதியத்தையும் வெளிப்படையாகச் சொல்லுதல் எனப் 'பகர்தல்' என்பதற்குப் பொருள் கொள்வர்.

அளவு சரியாக இருப்பதோடு அது வெளிப்படவும் வேண்டும் என்பது இங்கிருந்து பெறப்படுகிறது. வானலைச் சில்லின் எண்ணை வாங்குபவர் கண் காணாது. ஆகவே கருவி தான் அறிந்ததை வாங்குபவருக்குப் பகர்கிறதா என்பதே இனி வரும் ஒவ்வொரு கருவிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய வினா.

4. அலமாரி, தராசு, குளிர்பெட்டி

மின்னணு விலைச்சீட்டு என்பது அலமாரி விளிம்பில் பொருத்தப்படும் சிறு திரை. மின்தாள் தொழில்நுட்பத்தில் அமைந்தவை எழுத்தை மாற்றும்போது மட்டுமே மின்னாற்றலைக் கொள்வதால் சிறு மின்கலத்தில் பல்லாண்டு இயங்கும். கடையின் கணினி வானலை வழியே ஆணையிட்டதும் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் விலை மாறும். வால்மார்ட் நிறுவனம் 2026க்குள் 2,300 கடைகளில் இவற்றை அமைப்பதாக 2024 ஜூனில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மேலவை உறுப்பினர் எலிசபெத் வாரனும் பாப் கேசியும் குரோகர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, நேரத்துக்கும் தேவைக்கும் ஏற்ப விலையை உயர்த்த இச்சீட்டுகள் பயன்படலாம் என்னும் அச்சத்தை எழுப்பினர். அந்நோக்கம் இல்லை என நிறுவனம் மறுத்தது.

இந்தியாவில் பொதியிட்ட பண்டங்களுக்கு அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும் என்னும் விதி உள்ளது. அதற்கு மேல் விற்க இயலாது. அதற்குக் கீழ் விலை மாறலாம். காய்கறி போன்ற பொதியிடாப் பண்டங்களுக்கு இவ்வரம்பும் இல்லை. எனவே அலமாரியில் கண்ட விலையும் பற்றுச்சீட்டில் வரும் விலையும் ஒன்றா என வாங்குபவர் ஒப்பிட்டறிய வழி இருத்தல் இன்றியமையாதது.

இணைக்கப்பட்ட தராசு மற்றொரு சான்று. நியாய விலைக் கடைகளில் விற்பனைமுனைக் கருவியுடன் மின்னணுத் தராசை இணைப்பதை ஊக்குவிக்கும் வகையில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள மைய அரசின் விதி 2021இல் திருத்தப்பட்டது. எடை தராசிலிருந்து நேரே கருவிக்குச் செல்வதால், நிறுத்தது ஒன்றும் பதிந்தது ஒன்றுமாக இருக்கும் வாய்ப்புக் குறைகிறது. அரிசி வாங்குபவர் அந்த எடையைத் தாமே படித்தறியும்போதுதான் இதன் பயன் முழுமை பெறும்.

மருந்துக் கடையின் குளிர்பெட்டியில் உள்ள உணரி வெப்பநிலையை இடைவிடாது பதிவுசெய்கிறது. திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். இரவில் மின்தடை நேர்ந்து வெப்பநிலை உயர்ந்தால் உரிமையாளரின் பேசிக்குச் செய்தி செல்கிறது. மருந்தை வாங்குபவருக்கு அச்செய்தி செல்வதில்லை. கருவியின் அறிவு ஒருபக்கமாக நிற்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

5. காசாளர் இல்லாக் கடை

அமேசான் நிறுவனம் 2018 ஜனவரி 22 அன்று சியாட்டில் நகரில் காசாளர் இல்லாத 'அமேசான் கோ' கடையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. நுழையும்போது வாங்குபவர் தம் பேசியிலுள்ள குறியைக் காட்டவேண்டியிருந்தது. கூரையில் அமைந்த ஒளிப்படக் கருவிகளும் அலமாரியில் அமைந்த எடை உணரிகளும் எவர் எதை எடுத்தார், எதைத் திரும்ப வைத்தார் என்பதைக் கணித்தன. வாங்குபவர் பொருளுடன் வெளியேற முடிந்தது. பற்றுச்சீட்டு பின்னர்ப் பேசிக்கு வந்தது.

2024 ஏப்ரலில் அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இம்முறையை விலக்கிக்கொள்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கு ஈடாகத் திரை பொருத்திய தள்ளுவண்டி முன்வைக்கப்பட்டது. பொருளை வண்டியில் இட்டதும் அதன் விலையும் கூட்டுத்தொகையும் திரையில் தோன்றும். வாங்கும்போதே கணக்கைக் காண நுகர்வோர் விரும்பினர் என்பது நிறுவனம் கூறிய காரணங்களுள் ஒன்று. வரிசையில் நிற்காமல் வெளியேறும் வசதியினும் கணக்கைக் கையோடு காணும் வசதி விரும்பப்பட்டது இங்குக் கருதத்தக்கது.

கணிப்பைச் சரிபார்க்கவும் கணினியைப் பயிற்றுவிக்கவும் இந்தியாவிலுள்ள பணியாளர்கள் காணொளிகளைப் பார்வையிட்டதாக அக்காலத்தில் செய்தி வெளியானது. மனிதர் சிலவற்றைச் சரிபார்ப்பதை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. பெரும்பகுதியை மனிதரே பார்த்தனர் என்பதை மறுத்தது. காசாளர் இல்லாக் கடையிலும் கணக்குக்கு மனிதர் தேவைப்பட்டனர். வாங்குபவர் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் அவர்கள் இல்லை என்பதே வேறுபாடு.

6. ஒலிப்பெட்டியும் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியும்

தமிழ்நாட்டின் தேநீர்க் கடை, பூக்கடை, காய்கறிக் கடை வரை பரவியுள்ள இணையக் கருவி, பணம் வந்ததை ஒலிக்கும் பெட்டி. கடைக்காரர்கள் இதனைச் 'சவுண்ட் பாக்ஸ்' என்கின்றனர். 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப்பரிமாற்றமே இதற்கு அடிப்படை. வாங்குபவர் கியூஆர் குறியைப் பேசியால் படித்துத் தொகையை அனுப்புகிறார். இரு வங்கிகளுக்கிடையே தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் வழி பரிமாற்றம் முடிந்ததும் சேவை நிறுவனத்தின் கணினி பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. பெட்டியிலுள்ள சிம் அட்டை அதனைப் பெற, பெட்டி தொகையை ஒலிக்கிறது.

இப்பெட்டி வருமுன் வாங்குபவர் தம் பேசித் திரையைக் காட்டுவார். கடைக்காரர் அதை நம்ப வேண்டும். போலித் திரைப்படிமங்களால் ஏமாந்தோர் உண்டு. கைவேலைக்கிடையே பேசியை எடுத்துக் குறுஞ்செய்தியைப் படித்தறிவது அனைவருக்கும் இயல்வதன்று. பெட்டி ஒலிக்கும்போது இருவரும் ஒரே வேளையில் ஒரே தொகையைக் கேட்கின்றனர். படிக்கத் தெரியாதவரும் கணக்கை உறுதிசெய்ய முடிகிறது. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட அளவுகோலுக்கு மிக அணுக்கமாக நிற்பது, விலையில் எளிய இக்கருவியே. அலைத்தொடர்பு குன்றும்போது அறிவிப்புத் தாழ்வதும், அருகிலிருப்போர் அனைவரும் தொகையைக் கேட்க நேர்வதும் இதன் குறைகள்.

பெட்டி தமிழில் ஒலிப்பதற்குச் சொற்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. தமிழ் எண்ணுப்பெயர்கள் தனித்து நிற்கையில் ஒரு வடிவும் தொடர்கையில் மற்றொரு வடிவும் பெறுகின்றன. 1,200 என்பது 'ஆயிரத்து இருநூறு'. 1,250 என்பது 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது'. பின்னர் எண் தொடர்கிறதா என்பதைப் பொறுத்து 'இருநூறு' 'இருநூற்று' ஆகிறது. ஒன்பதும் நூறும் சேர்ந்து 'தொள்ளாயிரம்' ஆவதைச் சொற்களை அடுக்கிப் பெற இயலாது. தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை விரிவாக வகுத்துள்ளது. பதிவுசெய்த சொற்கூறுகளைக் கோத்து ஒலிக்கும் மென்பொருளுக்குத் தேவையான விதிகளும் இவ்வகையினவே.

ஆங்கில எண்முறைக்கென எழுதிய நிரலில் தமிழ்ச் சொற்களை அப்படியே பொருத்தினால் 'ஆயிரம் இருநூறு ஐம்பது' என ஒலிக்கும். கூட்டமும் இரைச்சலும் உள்ள கடையில் இது மூன்று தனித் தொகைகளாகக் கேட்கக்கூடும். புணர்ச்சி இங்கு நடையழகு பற்றியதன்று. கணக்கின் தெளிவு பற்றியது. கணக்கீட்டு மொழியியலில் இலக்கண ஆய்வாளர் பங்கேற்க வேண்டியதன் காரணமும் இதுவே.

7. சட்டத்தில் நுகர்வோர் மொழி

கடையின் மொழி பற்றிய சட்டநிலை ஒருசீராக இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948 பெயர்ப்பலகையில் தமிழ் இடம்பெற வேண்டும் என வலியுறுத்துகின்றன. பொதியிட்ட பண்டங்கள் பற்றிய 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகள், பொதியின்மேல் உள்ள அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும் என்கின்றன. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. ஆகவே கடை வாயிலில் தமிழ் கட்டாயம். பொதியின் விலை, எடை, நாள் ஆகியவற்றில் அது விருப்பம்.

2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு நெறியைக் கொண்டுள்ளது. ஒருவரின் தரவைப் பெறுவதற்கான இசைவைக் கோரும்போது, அக்கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழியிலோ பெறும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட வேண்டும். பேசி எண்ணைக் கேட்டுப் பதியும் கடைகளுக்கு இது பொருந்தும். தரவு பற்றி ஏற்றுக்கொண்ட இந்நெறியை விலைக்கும் எடைக்கும் விரிப்பதில் கருத்தளவில் தடையேதும் இல்லை. அச்சுப் பொதியில் இடக்குறை காரணமாகக் காட்டப்படலாம். மொழியை நொடியில் மாற்றவல்ல மின்னணுத் திரைக்கு அக்காரணம் பொருந்தாது.

8. கலைச்சொல் தெரிவு

இத்துறைக்கான தமிழ்ச் சொற்கள் இருவகைப்பட்டவை. உணரி, தரவு, வலையமைப்பு, சில்லு போன்றவை துறைசார் எழுத்துக்குரியவை. இவை ஓரளவு நிலைபெற்றுள்ளன. 'பொருள்களின் இணையம்', 'பொருட்களின் இணையம்' என இரு வடிவங்களும் வழங்குகின்றன. பண்டம், செல்வம், சொற்பொருள் என விரியும் 'பொருள்' என்னும் சொல் இத்தொடரில் பண்டத்தை மட்டுமே சுட்டுகிறது என்பதை முதல் ஆட்சியிலேயே விளக்குவது நன்று.

மற்றொரு வகை, நுகர்வோர் கண்ணும் செவியும் எதிர்கொள்பவை. விலை, எடை, அளவு, தள்ளுபடி, மொத்தம், மீதி ஆகியன வழக்கிலுள்ள சொற்கள். இவ்விடங்களில் புதுச்சொல் புனைதல் தேவையற்றது. பில், ஸ்கேன், சவுண்ட் பாக்ஸ் போன்றவை பேச்சில் ஊன்றிவிட்டன. பிறமொழிச் சொற்களையும் செய்யுட்குரிய சொல்வகைகளுள் வைத்தெண்ணிய மரபு தமிழ் இலக்கணத்துக்கு உண்டு. கருவித் திரையில் அறியாத தூய சொல்லினும் அறிந்த கடன்சொல் வாங்குபவருக்குப் பயன்படும். துறைசார் எழுத்தில் சொல்லாக்கமும் கடைமுகப்பில் வழக்குச் சொல்லும் முதன்மை பெறுதல் பொருத்தமானது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பட்டைக்குறியிலிருந்து வானலைச் சில்லு வரையிலான வளர்ச்சி, பண்டத்தின் வகையை அறிவதிலிருந்து தனிப் பண்டத்தை அறிவதை நோக்கிய வளர்ச்சியாகும். இவ்வறிவு பெரிதும் விற்பவர் பக்கமே சேர்கிறது.

2. திரையுள்ள தள்ளுவண்டி, இணைத்த தராசு, ஒலிப்பெட்டி ஆகியவை கணக்கை அவ்விடத்திலேயே வாங்குபவருக்கும் வெளிப்படுத்துகின்றன. காசாளரில்லாக் கடையின் பின்வரும் பற்றுச்சீட்டு அவ்வாறு வெளிப்படுத்துவதில்லை.

3. கருவி தமிழில் தெளிவாக ஒலிக்க எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி விதிகள் நிரலில் இடம்பெற வேண்டும்.

4. பெயர்ப்பலகைக்கும் தரவு இசைவுக்கும் உள்ள மொழிநெறி விலைக்கும் எடைக்கும் இல்லை. மின்னணு விலைச்சீட்டு பரவுமுன் இவ்விடைவெளி நிரப்பப்படுதல் வேண்டும்.

தராசு முள்ளைப் பார்த்து வாங்கியவர்க்கு அதைப் படிக்க எம்மொழியும் தேவைப்படவில்லை. முள்ளின் இடத்தில் எழுத்தும் ஒலியும் வந்துவிட்ட பின்னர், அவை அவர் அறிந்த மொழியில் அமைந்தால்தான் முன்பிருந்த சரிபார்க்கும் உரிமை அவரிடம் எஞ்சும்.